சத்தம் கேட்காத கார்

நம் வயதுக்காரர்களில் மலைப் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த அமைதி நினைவிருக்கும். கொடைக்கானலிலிருந்து புறப்பட்ட பஸ் பெருமாள் மலையைத் தாண்டி இறக்கத்தைப் பிடித்ததும் டிரைவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் அறுந்து விழும். பிறகு காற்று, டயர் உருளுவது, கூடைக்குள் கோழி முனகுவது, பின் சீட்டில் யாரோ வாந்தி எடுப்பது எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். அடிவாரத்தில் காட்ரோடு என்ற ஊர் வரை அப்படியே உருண்டு வந்துவிடலாம். எண்ணெய் மிச்சம். மிச்சம் பிடிக்கும் டிரைவருக்கு முதலாளியிடம் நல்ல பெயர். அதைத் தப்பு என்று அன்றைக்கு எங்களிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னவர் ஒரே ஒருவர். அவரும் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐம்பதுகளின் கடைசி. அட்டுவம்பட்டியில் வீடு, கடைத்தெருவில் அப்பாவின் காய்கறிக் கடை. பூண்டியிலிருந்து பூண்டும் கேரட்டும் லாரியில் வரும். நல்லதாகப் பொறுக்கி அப்பா பங்களாக்களுக்குக் கூடையில் அனுப்புவார். அந்தப் பங்களாக்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு வந்தன. வெள்ளைக்காரர்கள் கப்பலேறும் முன் சமையல்காரருக்குக் கரண்டிகளையும் தோட்டக்காரருக்குக் கோட்டுகளையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் விருந்துக் கோட்டு போட்டுக்கொண்டு ஆடு மேய்த்தார்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. இரண்டாவது, பிரசவத்துக்காக அம்மாவை வத்தலக்குண்டில் மாமா வீட்டுக்கு அழைத்துப் போகும்போது பஸ்ஸிலேயே கலைந்தது. நானும் அந்தப் பஸ்ஸில் இருந்தேன். கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொன்னதும், ஆண்கள் எல்லோரும் சாலையோரம் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றதும்தான் எனக்கு நினைவில் இருக்கின்றன. மூன்றாவது முறை டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஏழாம் மாதத்திலேயே கீழே இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்துகொள்ள வேண்டும். இறங்கும்போது உடம்பு குலுங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று அவர் சொல்லவில்லை.

ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் இருந்த துரைசாணி அந்த மழைக்காலத்தில்தான் சாமான்களை விற்கத் தொடங்கினார். துரை இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மேஜை, பியானோ, பூந்தொட்டி எல்லாம் போயின. கார் போகவில்லை. பெரிய கார். சீமையில் பணக்காரர்களுக்கென்று செய்தது. பெட்ரோலைக் குடிக்கும், உதிரி பாகம் கப்பலில் வர வேண்டும். கேட்பார் இல்லாமல் கடைசியில் ஒரு கறவை மாட்டின் விலைக்கு இறங்கியிருந்தது.

ஒரு சனிக்கிழமை அப்பா என்னை அழைத்துப் போனார். கான்வென்டில் படித்ததால் வீட்டில் எனக்குத்தான் இங்கிலீஷ். கூடவே சித்தப்பா. அவர் அப்பாவின் தம்பி, மலைப் பஸ் டிரைவர். வத்தலக்குண்டுவரை உள்ள வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வார். இறக்கம் முழுவதும் ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லாமல் இறக்குகிறவர் என்று பஸ் ஸ்டாண்டில் அவருக்குப் பெயர்.

பங்களாவின் பின்னால் தகரக் கொட்டகையில், தார்ப்பாய்க்குள் கிடந்தது கார். மூடுபனி கொட்டகைக்குள்ளும் வந்திருந்தது. தார்ப்பாயை இழுத்ததும் முதலில் வெளிப்பட்டது நாற்றம்: எலிப் புழுக்கை, ஊறிய தோல், பழைய பெட்ரோல். அதற்குப் பிறகுதான் காரைப் பார்த்தேன். கறுப்பு. நான் பார்த்திருந்த கார்களைவிட ஒன்றரை மடங்கு நீளம். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே மூடிய கண்ணாடித் தடுப்பு. டிரைவர் வேறு, துரை வேறு. பின்னால் இருப்பவர் டிரைவருக்கு உத்தரவு கொடுக்க ஒரு ரப்பர் குழாய் ஓடியது. பின் சீட்டருகே அதன் முனையில் தந்தத்தால் செய்த வாய். முன்னால், டிரைவர் காதுக்குப் பக்கத்தில் பித்தளைப் புனல். சித்தப்பா பின் சீட்டில் ஏறிக் குதித்துப் பார்த்தார். குழாயை எடுத்தார். முன்னால் நின்ற என் காதில் புனல் பேசியது.

“ஏலே டிரைவர், வண்டிய மதுரைக்கு விடு! வெரசாப் போ, துரைக்குப் பசிக்குது.”

அப்பா சிரித்தார். அந்த வருடம் அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

“அண்ணே, பஞ்சு மெத்தை கெட்டது போங்க. மதினியப் படுக்கப்போட்டு எறக்கிரலாம். வயித்துல இருக்குற பிள்ளைக்கு மலை எறங்குறதே தெரியாது.”

“ஓடுமாடா?”

“ஓட வைக்கிறது என் சோலி.”

துரைசாணி குடையோடு கொட்டகை வாசலில் நின்றிருந்தார். சாவியை அப்பாவிடம் கொடுத்த பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். “இறக்கத்தில் எஞ்சினை ஒருபோதும் அணைக்கக் கூடாது. என் கணவர் அணைத்ததே இல்லை. இதை உன் அப்பாவிடம் சொல்.” ஏன் என்று நான் கேட்டேன். அவர் யோசித்தார். “அவர் அப்படித்தான் சொல்வார்” என்றார். காரணம் துரையோடு போய்விட்டது.

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். இதை அழுத்தி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சித்தப்பா காரின் மூக்கைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

“அவுக துரைமாரு. அணைக்க மாட்டாக. நாம காய்கறிக்காரக, பாப்பா.”

அப்பாவும் தலையாட்டினார். பதினைந்து வருடம் மலையில் பஸ் ஓட்டுகிறவனுக்கு, டிரைவர் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்த ஒரு விதவை பாடம் சொல்வதா என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

காரை லாரியில் கட்டி இழுத்து வந்து வீட்டுப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அம்மா வாசலுக்கு வந்து, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் இந்த வாடை போகாதுங்க.”

“போகும், போகும். உனக்காகத்தானே வாங்குனது.”

“எனக்காக ஏன் வாங்குனீக? ரோடே இல்லாத வெள்ளகவிக்காரக புள்ளத்தாச்சியக் கட்டில்ல வச்சு ஒத்தையடிப் பாதையில தூக்கிட்டு வர்றாக. நாலு ஆளப் பிடிச்சு என்னையும் அப்பிடித் தூக்கிட்டுப் போனா ஆகாதா?”

“ஒங்களத் தூக்க நாலு ஆளு பத்தாது மதினி” என்றார் சித்தப்பா காருக்கு அடியிலிருந்து. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் காரின் பக்கத்தில் போகவில்லை.

சித்தப்பாவுக்கு ஓய்வு கிடைத்த நாள்களிலெல்லாம் வேலை நடந்தது. மழை. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். பின் சீட்டைக் கழற்றியபோது ஒரு கூடை எலிக்கூடு வந்தது. துரையின் கடிதங்களைக் கிழித்து எலிகள் அதைக் கட்டியிருந்தன. ஓரிரு துண்டுகளில் கையெழுத்தைப் படிக்க முடிந்தது. கண் திறக்காத குஞ்சுகள் ஆறு இருந்தன. சித்தப்பா அவற்றை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனார். அம்மா பார்க்கக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

காரோடு ஒரு புத்தகமும் வந்திருந்தது. சித்தப்பா அடியில் படுத்திருக்க, நான் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அதைப் படித்துத் தமிழில் சொல்வேன். எலிகள் அதையும் விட்டுவைக்கவில்லை. பிரேக்கைப் பற்றிய பக்கத்தில் பாதிதான் இருந்தது.

“எஞ்சின் பிரேக்குக்கு ஒத்தாசை செய்யுதுன்னு போட்டிருக்கு சித்தப்பா.”

“என்னது?”

“எஞ்சின். பிரேக்குக்கு. ஒத்தாசை.”

“எஞ்சின் ஓட்டுறது, பிரேக்கு நிறுத்துறது. ரெண்டுக்கும் ஜென்மப் பகை. ஒத்தாசை செய்ய என்ன மாமன் மச்சானா? அடுத்த பக்கம் படி.”

அடுத்த பக்கம் விளக்குகளைப் பற்றியது.

முதல்முறை எஞ்சின் உயிர் பெற்ற நாள் நன்றாக நினைவிருக்கிறது. சித்தப்பா சாவியைத் திருப்பி, பித்தானை அழுத்தினார். கொஞ்சம் புகை வந்தது. பிறகு ஒன்றுமில்லை. நின்றுவிட்டது என்றார் அப்பா. இல்லை, ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா என்னை உள்ளே கூப்பிட்டு, மரப் பலகையில் பதித்த வட்டங்களில் ஒன்றைக் காட்டினார். அது எஞ்சினுக்குள் சுற்றும் எண்ணெயின் அழுத்தம் காட்டும் முள். எஞ்சின் ஓடினால் நடுவில் நிற்கும், அணைந்தால் இடது பக்கம் படுத்துவிடும். “காதை நம்பாத. இந்த முள்ளப் பாரு” என்றார். முள் நடுவில் நின்று மெல்ல நடுங்கியது. காரில் அது ஒன்றுதான் உயிருள்ளதுபோல் இருந்தது.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “ஓடுதா நிக்குதான்னே தெரியலையே” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸின் இரைச்சலில் ஒரு பிள்ளையை இழந்தவள் இரைச்சல் இல்லாததைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும் என்று அப்பாவுக்கு விளங்கவில்லை.

அன்று காரை வாசலில் நகர்த்தியபோது பிரேக் பிடிக்கவில்லை. சித்தப்பா இரண்டு காலையும் வைத்து மிதித்தார். “கல்லு மாதிரி கெடக்கு” என்றார். கார் மெதுவாக, சத்தமே இல்லாமல், அவரைக்காய்ப் பந்தலுக்குள் போய் நின்றது.

மறுவாரம் அவர் இரண்டு வேலை செய்தார். சக்கரங்களைக் கழற்றிப் பிரேக்குக்குப் புது லைனிங் அடித்தார். அப்படியே அடியில் படுத்திருந்தபோது, குடம் போல ஒரு தகர உருளையும், அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் கிடந்ததும் கண்ணில் பட்டன. அது எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. எடுத்துப்போடலாமா என்று அப்பா கேட்டார். “கெடந்துட்டுப் போகட்டும்ணே, அழகாச் செஞ்சிருக்கான்” என்று சொல்லி, லாரிக் குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டினார். மாலையில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் வெண்ணெயாக இருந்தது. ஒற்றை விரலால் அழுத்தினாலே நின்றது. லைனிங்தான் காரணம் என்றார் சித்தப்பா. எல்லோரும் அதை நம்பினோம்.

உண்மையில் வேலை செய்தது அந்தக் குழாய். இதை நான் தெரிந்துகொண்டபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. மதுரையில் பழைய கார்களைப் பார்க்கும் ஒரு மெக்கானிக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய் வழியாக உருளையிலிருந்து காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல்தான் பிரேக்கை இழுக்கிறது, கால் வெறுமனே சொல்லிவிடுகிறது. எஞ்சினை அணைத்தால் உருளையில் மிச்சமிருக்கும் உறிஞ்சல் இரண்டு மிதிக்கு வரும். மிஞ்சிப்போனால் மூன்று. “அதுக்கு அப்புறம்?” என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

சித்தப்பா அசட்டையான ஆள் இல்லை. சோதித்துப் பார்த்தார். துரைசாணி சொன்னது அவர் மனதிலும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். என்னை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஏரி ரோட்டுச் சரிவில் எஞ்சினை அணைத்து உருட்டினார். பாதியில் ஒரு மிதி, அடியில் ஒரு மிதி. அழகாக நின்றது. மறுநாளும் அதே. மூன்றாம் நாள் வேறொரு சரிவு. ஊருக்குள் இருந்த எந்தச் சரிவும் இரண்டு மிதிக்கு மேல் கேட்கவில்லை.

“நிக்குதா இல்லையா? சொல்லு.”

“நிக்குது சித்தப்பா.”

“போயி ஒங்கம்மாட்டச் சொல்லு.”

சொன்னேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். துரைசாணி சொன்னதை இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அரிவாள்மனையை மடக்கிவிட்டுச் சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

“தம்பி, நான் அந்த வண்டியில வாறேன். ஆனா எறக்கத்துல எஞ்சின அணைக்கக் கூடாது.”

“மதினி, மூணு தடவை பாத்தாச்சு—”

“நீங்க முந்நூறு தடவை பாத்திருங்க. எனக்குச் சத்தியம் பண்ணுங்க.”

“சரி. சத்தியம்.”

“இவ தலையில அடிச்சுப் பண்ணுங்க.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். கையில் கிரீஸ் இருந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு, என் உச்சந்தலையில் வைத்தார். கனமான கை. “இந்தப் பிள்ளை மேல சத்தியமா அணைக்க மாட்டேன்” என்றார். நம் காலத்துப் பிள்ளைகளுக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சத்தியத்தை மீறினால் மீறியவருக்கு ஒன்றும் ஆகாது. யார் தலையில் அடித்தாரோ அந்தத் தலைக்குத்தான் ஆகும். அன்றைக்கு இரவு தலையைத் துவட்டும்போது அம்மா அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து நல்ல நாள் பார்த்தார்கள். அப்பா வெள்ளனே எழுந்து, சாமான்களையும் தொட்டில் கம்பையும் ஏற்றிக்கொண்டு காய்கறி லாரியில் முன்னால் போய்விட்டார். மாமா வீட்டில் எங்களுக்காகக் காத்திருப்பதாக ஏற்பாடு. விடிந்த பிறகு சித்தப்பா காரைக் கொண்டுவந்தார். பின் சீட்டில் இரண்டு தலையணை வைத்து அம்மா சாய்ந்துகொண்டாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், முன் சீட்டில், நான்.

டாக்டரம்மா சொன்னது நடந்தது. கார் குலுங்கவில்லை. அருவி வளைவில் பஸ் பயணிகள் தலையை வெளியே நீட்டி எங்களைப் பார்த்தார்கள். பெருமாள் மலையில் மூடுபனி சாலைக்கு இறங்கியிருந்தது. சித்தப்பா விளக்கைப் போட்டார். திரும்பிப் பார்த்தபோது அம்மா தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பல மாதமாக அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் மூடுபனி விலகியது. சாலை நீளமாக இறங்கத் தொடங்கியது. சித்தப்பா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனபின் மறுபடியும் பார்த்தார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். சாவியைத் திருப்பினார்.

ஒன்றும் மாறவில்லை. கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஏதாவது இருந்தால்தானே நிற்கும். முள் மட்டும் நடுவிலிருந்து மெல்லச் சாய்ந்து இடது பக்கம் படுத்தது.

நான் முள்ளைப் பார்த்ததைச் சித்தப்பா பார்த்தார். மீசைமேல் ஒரு விரலை வைத்து, ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவருடைய பதினைந்து வருடத்துக் கைப்பழக்கம் அது. இறக்கத்தில் எஞ்சினை ஓடவிடுவது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் அவருக்கு இருந்திருக்கும். என் தலையில் அடித்த சத்தியம் என் தலைக்குள் உடைந்ததுபோல் இருந்தது. ஆனாலும் நான் சிரித்தேன். பெரியவர் ஒருவர் என்னோடு ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

முதல் வளைவில் ஒரு மிதி. வெண்ணெய்.

அப்போது புனல் பேசியது. அம்மா விழித்திருந்தாள். தூக்கக் கலக்கமான குரல், என் காதுக்குள்ளேயே பேசுவதுபோல் வந்தது.

“பாப்பா. எஞ்சின் ஓடுதா?”

சித்தப்பா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். நான் திரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தந்த வாயைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் என்னையே பார்த்தாள். இல்லை என்று சொன்னால் சத்தியம் உடைந்தது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் அது உண்மையாகிவிடும், எனக்கு ஏதாவது ஆகும். யாருக்கும் தெரியாதவரை அது உடையவில்லை. ஒன்பது வயதில் என் கணக்கு அது.

ஓடுகிறது என்று தலையை ஆட்டினேன்.

அம்மா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது மிதி. மூன்றாவது மிதியில் சித்தப்பாவின் கால் பாதி வழியில் நின்றது. இன்னொருமுறை மிதித்தார். “கல்லாயிருச்சு” என்றார், யாரிடமோ சொல்வதுபோல், மெதுவாக. பிறகு எல்லாம் அவர் கையில் வேகமாக நடந்தது. கைப்பிரேக்கை இழுத்தார், கருகிய வாடை வந்தது, வேகம் குறையவில்லை. கியரைத் தள்ளினார், கியர்ப் பெட்டி அலறியது, கியர் விழவில்லை. சாவியைத் திருப்பிப் பித்தானை அழுத்தினார், எஞ்சின் இரண்டு முறை முனகியது. இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் மலை. சித்தப்பா வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். டம்டம் பாறைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அவர் வண்டியை வலது பக்கம் திருப்பி, தன் பக்கத்தை மலையில் தேய்த்தார்.

அதன்பின் எனக்கு நினைவிருப்பது அமைதி. எங்கோ சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்பு உடையாமல் அப்படியே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அம்மா சீட்டுக்குக் கீழே கிடந்தாள். புனல் வழியாக அவள் மூச்சு கேட்டது.

கீழே போன ஒரு லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். தம்பி அன்று மாலை வத்தலக்குண்டில் பிறந்தான். அழவில்லை. சித்தப்பாவின் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. ஒரு சிராய்ப்புகூட இல்லை.

போலீஸ்காரர் கட்டிலருகே நின்று எழுதிக்கொண்டபோது சித்தப்பா, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பிரேக் போய்விட்டது என்றார். சொல்லும்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா துரைசாணியைத் திட்டினார். ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறிவிட்டாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். துரைசாணி எச்சரித்துவிட்டுப் போனது யாருக்கும் நினைவில்லாததுபோல் ஆயிற்று.

அம்மா மட்டும் சித்தப்பாவை விட்டுக்கொடுக்கவில்லை. ஊரில் ஒருவர், மலை டிரைவர்கள் எல்லோரும் அணைக்கிறவர்கள்தானே, இவரும் அணைத்திருப்பார் என்று இழுத்தபோது, அம்மா என்னை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

“அணைக்கல. இவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனாரு. அணைச்சிருந்தா இவளுக்குல்ல ஏதாச்சும் ஆயிருக்கணும்? பாருங்க, கல்லுக்குண்டு மாதிரி நிக்கிறா.”

நான்தான் சாட்சி என்று நினைத்தேன். அவளுக்கு என் தலையாட்டல்கூடத் தேவைப்படவில்லை. நான் உயிரோடு நின்றதே போதுமாக இருந்தது.

கார் வத்தலக்குண்டில் ஒரு பட்டறை வாசலில் கொஞ்ச காலம் கிடந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் போனார்கள். தந்த வாயை நான் எடுத்து வைத்திருந்தேன். எந்த வீடு மாற்றியபோது தொலைந்தது என்று தெரியவில்லை.

மறு வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தது. இருபது நாள் இறங்கவில்லை. டைபாய்டு, கீழே கொண்டுபோங்கள் என்றார் டாக்டரம்மா. சித்தப்பா கக்கத்தில் கட்டையோடு வாசல்வரை வந்து நின்றார், உள்ளே வரவில்லை. அவரை அம்மா பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை போன வழி எனக்குப் புரிந்தது.

பஸ்ஸில் அம்மா மடியில் என்னைப் படுக்கவைத்துக்கொண்டாள். பெருமாள் மலை தாண்டியதும் டிரைவர் எஞ்சினை அணைத்தார். இரைச்சல் அறுந்தது. காற்றும் டயரும் கேட்டன. யாரோ இருமினார்கள். அம்மாவின் கை என் உச்சந்தலைக்கு வந்தது, சித்தப்பா கை வைத்த அதே இடத்துக்கு.

“பாப்பா” என்றாள். குனிந்து, என் காதுக்குள்ளேயே. “அன்னைக்கு எஞ்சின் ஓடுச்சுல்ல?”

அவள் போன வருடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நான் பிழைப்பேனா என்று கேட்டாள்.

“ஓடுச்சும்மா.”

“எனக்குச் சத்தமே கேக்கலையேடி.”

“அந்தக் காருல கேக்காதும்மா.”

அம்மா கையை எடுக்கவில்லை. அடிவாரத்தில் டிரைவர் சாவியைத் திருப்பி, பஸ் மறுபடி இரையத் தொடங்கும்வரை அந்தக் கை என் தலைமேலேயே இருந்தது.